வீட்டு ஸ்டீரியோவில் ஒரு மைக்

தான் வேலை பார்த்த அரங்கத்தை மூடியபோது தனக்குக் கொடுத்த ஒலி மிக்ஸரை சவுண்ட்காரர் தன் வீட்டு ஸ்டீரியோவோடு இணைக்கிறார். தடித்த வயர்முனை அதன் சின்னத் துளைக்குள் போகவில்லை. மாற்றுமுனை ஒன்றைப் பொருத்திச் செருகியதும் ஸ்பீக்கர் வண்டாக இரைகிறது. வயர்ச் சுருளின்மேல் மாலை வெயில் கிடக்கிறது. முனையை அழுத்திப் பிடித்தபடி மைக்கில், "ஹலோ... ஹலோ... கேக்குதா?" என்கிறார். இரைச்சல் அடங்கும்வரை அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். கதவு தட்டப்படுகிறது. பக்கத்து வீட்டு அம்மா நிற்கிறார். "தொந்தரவாம்மா? நிறுத்திடறேன்." "ஐயோ, அதுக்கில்லைங்க. ரொம்ப நேரமா கேக்குதா, கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க. நல்லாக் கேக்குதுன்னு சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். பேசுங்க." அவர் போய்விடுகிறார். சவுண்ட்காரர் மைக்கின் முன் உட்கார்ந்து, சுவரைப் பார்த்து வாயைத் திறக்கிறார். சோதித்துப் பார்ப்பதைத் தவிர அவர் மைக்கில் இதுவரை எதுவும் பேசியதில்லை.