கயிற்றுக்கு அந்தப் பக்கம்

மைக் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

வறண்ட கண்மாயின் நடுவில் பேச்சி முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க நின்றாள். தூக்கிச் செருகிய சேலையை இறக்கிவிடக்கூடத் தோன்றவில்லை.

ஓடி முடித்தாயிற்று. முதலாவதாகவும் வந்தாயிற்று. அதுதான் இப்போது வம்பாகிவிட்டது.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டதால் திருச்சுழிப் பக்கம் எந்தக் கண்மாயிலும் தண்ணீர் இல்லை. அதுவும் ஒரு வசதி என்று ஊர் இளைஞர் மன்றத்து இளவட்டங்கள் பொங்கல் ஓட்டப்பந்தயத்தைக் கண்மாய்க்குள்ளேயே வைத்துவிட்டார்கள். அருப்புக்கோட்டையிலிருந்து மைக் செட்டு வந்திருந்தது. நீளமாக ஒரு கயிறு கட்டியிருந்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். திருவிழாவோ நாடகமோ, ஊர் கூடினால் முதலில் கட்டுவது அந்தக் கயிற்றைத்தான்.

பேச்சி எப்போதும் கயிறு கட்டிய கம்பத்தடியில்தான் உட்காருவாள். பூமிநாதனாகப் பிறந்து, சேலை கட்டிப் பேச்சியாகி வருஷங்கள் ஓடிவிட்டன. ஆண்கள் பக்கம் போனால் கேலி. பெண்கள் பக்கம் போனால் மன்றத்து ஆள் கம்போடு வருவான். அந்தக் கம்பம் ஒன்றுதான் அவளை இன்னார் என்று கேட்காது.

காலையில் அவள் பெண்கள் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கப் போனாள். எவர்சில்வர் குடம் பரிசு. குடம் யாருக்கு வேண்டும்? முன்னமே பெயர் கொடுத்திருந்த ராக்கம்மாளுக்கும் மற்ற பெண்களுக்கும் நடுவே கோட்டில் ஒரு தடவை நிற்க வேண்டும். அவ்வளவுதான் அவள் ஆசை.

மன்றத்தில் அவள் பெயரை எழுத மாட்டோம் என்றுவிட்டார்கள். ஆண் பலம் ஆண் பலம்தான், சேலை கட்டினால் போய்விடுமா என்று அதிகமாகக் குதித்தவன் செல்லப்பாண்டி. போன வருஷம் ஆண்கள் ஓட்டத்தில் ஜெயித்தவன், அவன் பேச்சுக்கு மன்றத்தில் மரியாதை உண்டு. ஓடப்போகிற பெண்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ராக்கம்மாள்தான் கேட்காமலே சொன்னாள்.

“அவ ஆட்டுக்குப் பின்னால ஓடுற காலு. நாங்க எங்கிட்டுப் பிடிக்க?”

பேச்சிக்கு அது வலித்தது. அதில் நியாயம் இருக்கிறதோ என்ற நினைப்பு இன்னும் வலித்தது. ஆனாலும் வாய் தவறியாவது ராக்கம்மாள் ‘அவ’ என்று சொன்னதை அவள் மனசு தனியாக எடுத்து வைத்துக்கொண்டது.

கடைசியில், பூமிநாதன் ஆண்களோடு ஓடட்டும் என்று முடிவானது. மைக்கிலும் அந்தப் பெயரைத்தான் கூப்பிட்டார்கள். ஊரே சிரித்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவள் அம்மா ஆவுடைத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

ஓடாமல் வீட்டுக்குப் போயிருக்கலாம். கோபம் விடவில்லை.

கண்மாய் நடுவில் போட்ட கோட்டிலிருந்து மடை வரை போய்த் திரும்ப வேண்டும். வெடிப்பு விழுந்த கண்மாய்த் தரையில் கால் மாட்டாமல் ஓடுவது அவளுக்குப் புதிதில்லை. தினமும் அவள் ஆடுகள் மேய்வது அங்கேதான். மடையைத் தொட்டுத் திரும்பியபோது அவளுக்கு முன்னால் யாரும் இல்லை. செல்லப்பாண்டி பின்னால் இரைக்க இரைக்க வந்துகொண்டிருந்தான்.

அவன் கோட்டைத் தொடுவதற்குள் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏலே செல்லப்பாண்டி, சேலகிட்டத் தோத்துட்டியே.”

அந்தப் பக்கமும் சிரிப்பு, இந்தப் பக்கமும் சிரிப்பு. தோற்றதைக்கூட அவன் பொறுத்துக்கொண்டிருப்பான். சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போது மேடையருகே நின்று கையை ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். பரிசாக வைத்த வெள்ளாட்டுக் குட்டி மேடைக் காலில் கட்டிக்கிடந்தது.

“பொம்பளைய எங்க கூட ஓடவிட்டா எப்பிடி? அவ ஓடுனது செல்லாது.”

காலையில் பேசிய அதே வாய். மன்றத் தலைவரும் நியாயம்தானே என்று தலையாட்டினார். யாருக்கும் அது உறைத்ததாகத் தெரியவில்லை.

பேச்சிக்கு உறைத்தது. ஓடிப்போய் அவன் சட்டையைப் பிடித்து, காலையில் என்னை என்னவென்று சொன்னாய் என்று கேட்கத்தான் ஓர் அடி எடுத்து வைத்தாள்.

பிறகு அந்தக் காலைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டாள். ‘பொம்பள’ என்று அவன் சொன்னதை மைக்கும் சொல்லட்டும் என்று காத்திருந்தாள்.

மைக் கரகரத்தது.

“ஆண்கள் ஓட்டத்தில் முதலாவதாக வந்த பேச்சி ஒரு பெண் என்பதால், ஆண்களுக்கான பரிசு அவளுக்குக் கிடையாது. முதல் பரிசு செல்லப்பாண்டிக்கு.”

கண்மாய் முழுக்கக் கேட்டது. கரையைத் தாண்டி ஊருக்குள்ளும் கேட்டிருக்கும். செல்லப்பாண்டி குட்டியை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டான்.

பேச்சி செருகியிருந்த சேலையை இறக்கிவிட்டாள். கொசுவத்தைச் சரிசெய்தாள். கம்பத்தைத் தாண்டி நடந்து, கயிற்றைத் தூக்கி, குனிந்து அந்தப் பக்கம் நுழைந்தாள்.

மன்றத்து ஆள் கம்போடு ஓடி வந்தான். வந்தவன் ஒரு தடவை மைக்கைத் திரும்பிப் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

பெண்கள் எல்லோரும் அவளையே பார்த்தார்கள். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பேச்சி நின்றாள்.

ஆவுடைத்தாய் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள். பக்கத்திலிருந்த ராக்கம்மாளின் தோளைத் தொட்டாள்.

“கொஞ்சம் தள்ளி உக்காருத்தா. எம் மக வாரா.”