அடியாளின் குரல்

தேவிப்ரியா முருங்கைக்காயை முறித்தாள். திரையில் ஒருவனுடைய முழங்கை உடைந்தது.

நான் மைக்கில் அலறினேன். கல்யாண மண்டபம் முழுக்க விசில்.

சின்ன காஞ்சிபுரம், ஞாயிறு மத்தியானம், முந்நூறு பேர். 1986-இல் வந்து ஒரே வாரத்தில் தியேட்டரை விட்டுப் போன சண்டைப்படம் அது. இன்றைய பிள்ளைகளுக்கு அதன் மேல் ஒரு வெறி. கிடைத்த ஒரே பிரதியில் ஒலி அழிந்திருந்தது. அதனால் நாங்கள் மூன்று பேர் மேடை ஓரத்தில் உட்கார்ந்து, படம் ஓட ஓட ஒலி கொடுப்போம். ஸ்ரீசரண் கீபோர்டு. ஆண் குரல்கள் எல்லாம் நான், பிரேம்நாத். பெண் குரல்களும் மற்றச் சத்தங்களும் தேவிப்ரியா.

அடி முழுக்க அவள் கையில் இருந்தது. ஈரத் துண்டைச் சுருட்டிப் பலகையில் ஓங்கி அடித்தால் வயிற்றில் குத்து. பட்டு வேட்டியை உதறினால் கத்தி வீச்சு. தர்பூசணிக்குள் முஷ்டியை இறக்கினால் மண்டை. சிவப்புச் சாறு அவள் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது.

கல்குவாரிச் சண்டை வந்தது.

ஒருவன் முகத்தை ஹீரோ பாறையில் தேய்த்தான். அவள் கொட்டாங்கச்சியைச் செங்கல்லில் தேய்த்தாள். ஒருவன் பல் தெறித்தது. அவள் மைக்குக்குப் பக்கத்தில் கற்கண்டைக் கடித்தாள். ஒருவனைச் சங்கிலியால் நெரித்தான். நான் மூச்சுத் திணறித் திணறி, தொண்டையில் ரத்தச் சுவை வந்துவிட்டது.

"கொல்லு, கொல்லு" என்றது கூட்டம்.

அடுத்ததுதான் எல்லோரும் காத்திருந்த காட்சி. மீசைக்கார அடியாள் ஒருவன் குவாரி விளிம்பில் நிற்பான். ஹீரோ அவனைத் தூக்கி எறிவான். நாற்பதடி. இடையில் கட் இல்லை. விழுந்து, ஒரு கால் முதுகுக்கு அடியில் மடங்கி, அப்படியே கிடப்பான். இந்த ஒரு ஷாட் போனில் சுற்றித்தான் படத்துக்கே மறுபடி உயிர் வந்தது.

இதற்கு முன் எட்டு ஊர்களில் செய்திருக்கிறோம். விழுகிறவனுக்கென்று நான் நீளமாக ஒரு கத்தல் வைத்திருந்தேன். கடைசியில் கோழி மாதிரி கீச்சென்று முடியும். உருண்டு சிரிப்பார்கள். அவன் தரையைத் தொடும்போது தேவிப்ரியா ஈர மணல் மூட்டையைப் பலகையில் போடுவாள்.

அடியாளின் கால்கள் விளிம்பை விட்டு எழும்பின. நான் மூச்சை இழுத்தேன்.

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கத்தாதப்பா."

வலிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். இன்னொரு கையால் என் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஸ்ரீசரண் வாசிப்பதை நிறுத்திவிட்டான்.

அடியாள் சத்தமில்லாமல் விழுந்தான். மூட்டை விழவில்லை.

அவள் குரலை ஆண் குரலாக்கி, மெதுவாக, "பூவம்மா" என்றாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு அதுவும் நின்றது.

முதல் வரிசையில் ஒரு பெண்மணி எழுந்து நின்றார். தேவிப்ரியாவின் அம்மா, பூவம்மாள். அன்று காலைதான் தென்னேரியிலிருந்து அழைத்து வந்திருந்தாள். அதற்கு முன் எங்கள் நிகழ்ச்சி எதற்கும் அவர் வந்ததில்லை.

அப்பா இல்லை என்று தேவிப்ரியா ஒருமுறை சொல்லியிருக்கிறாள். எப்படி என்று நான் கேட்டதில்லை.

படப்பிடிப்பன்று குவாரிக்குக் கீழே வைக்கோலைக் குவித்து, மண் தூவி மறைத்திருந்தார்களாம். அவள் அப்பா அதற்கு நாலடி தள்ளி விழுந்தார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஷாட் நன்றாக வந்திருந்ததால் படத்திலேயே வைத்துக்கொண்டார்கள். தேவிப்ரியா அப்போது அம்மா வயிற்றில் ஐந்து மாதம்.

இதெல்லாம் பிறகு தெரிந்தது. அந்த நிமிஷத்தில் எனக்கு உறைத்தது ஒன்றுதான். எட்டு ஊர்களில் அந்த மூட்டையைப் போட்டது அவள். கோழி மாதிரி கத்தியது நான்.

பூவம்மாள் மேடை விளிம்புக்கு வந்தார். அழவில்லை. திரையைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்துச் சொன்னார்.

"அவரு பூவம்மான்னுலாம் கூப்ட மாட்டாருமா. பூவுன்னுதான் கூப்புடுவாரு."

மைக் அதையும் பிடித்து மண்டபத்துக்கே கேட்கவைத்தது.

திரையில் ஹீரோ அடுத்தவனை மிதித்துக்கொண்டிருந்தான். அதற்கு யாரும் சத்தம் கொடுக்கவில்லை.

தேவிப்ரியா முழங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். லேப்டாப்பில் படத்தை ஓட்டிக்கொண்டிருந்த விஷாலைப் பார்த்தாள்.

"கொஞ்சம் பின்னாடி போப்பா. அவரு நின்னுக்கினு இருக்கறாரே, அங்கேர்ந்து."

விஷால் என்னைப் பார்த்தான். நான் தலையசைத்தேன்.

குவாரி விளிம்பில் மீசைக்காரர் வந்து நின்றார். காற்றில் அவர் சட்டை படபடத்தது. பூவம்மாள் திரும்பி, முதல்முறையாகத் திரையைப் பார்த்தார். யாரும் விசிலடிக்கவில்லை. தேவிப்ரியா மைக்கை உதட்டருகே கொண்டுபோனாள்.

அவரை நாங்கள் மறுபடியும் கீழே தள்ளினோம்.