பொட்டு வைத்த ரேம்

“இது திருட்டு சார். இதுக்கு வேற பேர் எனக்குத் தெரியல.”

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அக்கா இதைச் சொன்னபோது, அவளுடைய கம்ப்யூட்டர் பெட்டி மூடி கழன்ற நிலையில் மேஜைமேல் கிடந்தது. முதலாளி மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தார்.

ரேம் என்கிற மெமரிப் பட்டைகள் இரண்டு செருகியிருந்தன. ஒன்றில் சிவப்பு நகப்பாலிஷில் ஒரு பொட்டு. இன்னொன்றில் அது இல்லை. நிறம் வேறு, கம்பெனியும் வேறு.

அக்காவுக்கு அது ஒரு பழக்கம். நாற்காலி, ஸ்டேப்ளர், மவுஸ் என்று தன்னுடையது எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துவிடுவாள். தூசி தட்ட வந்த மெக்கானிக் பெட்டியைத் திறந்த அன்று ரேம் இரண்டுக்கும் வைத்தாள். அப்போது ஆபீஸே சிரித்தது. இப்போது சிரிக்கச் சொல்லுங்கள், பார்க்கலாம்.

“வேற வேற ரேமைச் சேர்த்துப் போட்டா, எது மெதுவோ அதோட வேகத்துக்குத்தான் ரெண்டும் ஓடும் சார். அதான் கொஞ்ச நாளா என் மிஷின் நொண்டுது.”

அவள் பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. மிஷினுக்குச் செலவு செய்யமாட்டேன், அதைச் சாக்குச் சொல்லவும் கூடாது, இனிமேல் யார் வேலை தாமதமானாலும் அவர்கள் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி போன மாதம் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொல்லியிருந்தார். சொன்னது எல்லோருக்கும், பார்த்தது அக்காவை. அப்போதெல்லாம் அவள் மிஷின் தினமும் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்துவிடும். செய்த பக்கம் அதோடு போச்சு. நல்லவேளை, அது தானாகவே சரியாகிவிட்டது. வீட்டில் சம்பாதிக்கிறவள் அவள் ஒருத்திதான்.

யார்மேல் சந்தேகம் என்று முதலாளி கேட்டார். அக்கா பக்கத்து மேஜையை முகவாயால் காட்டினாள்.

அங்கே உட்கார்ந்திருந்தவனுக்கு ஊமைக்கோட்டான் என்று பெயர் வைத்ததே அவள்தான். கேட்டால்தான் பதில் சொல்வான். சமீபமாக அவன் வேலை எதுவும் நேரத்துக்கு முடிவதில்லை. செய்த பக்கத்தையே திரும்பச் செய்துகொண்டிருப்பான், முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொள்வான். தூங்கிக்கொண்டே வேலை பார்க்கிறான் போல என்று அக்கா நாலு பேர் காதுபடச் சொன்னதும் உண்டு.

அவன் பெட்டியையும் திறந்தார்கள். சிவப்புப் பொட்டு வைத்த ரேம் உள்ளே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

“நான்தான் மாத்தினேன் சார்.”

ஏன் என்று முதலாளி கேட்டார். அக்காவை ஒரு தரம் பார்த்தான், தலையைக் குனிந்துகொண்டான். வேலையும் சுத்தமில்லை, கையும் சுத்தமில்லை என்று முதலாளி பொரிந்து தள்ளினார். சாமான்களை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொல்லிவிட்டுத் தன் கண்ணாடி அறைக்குள் போய்விட்டார்.

அக்கா தன் ரேமைத் தன் பெட்டியில் செருகினாள். அவனுடையதை அவன் மேஜையில் வீசாத குறையாக வைத்தாள். மிஷினைப் போட்டதும் அது குதிரை மாதிரி கிளம்பியது. நிமிர்ந்து உட்கார்ந்து, சாயங்காலத்துக்குள் அச்சுக்குப் போகவேண்டிய புத்தகத்தைத் திறந்தாள்.

ரெண்டு பக்கம் ஓடியிருக்கும். திரை நீலமானது.

அணைத்துப் போட்டாள். மறுபடியும் நீலம். போன மாதம் பார்த்த அதே நீலம்தான்.

தோளில் பையோடு அவன் பக்கத்தில் வந்து நின்றான். குனிந்து வயரைப் பிடுங்கினான். அவள் சற்றுமுன் செருகியதை எடுத்துவிட்டுத் தன்னுடையதைச் செருகினான்.

“உங்களோடதுல ஒண்ணு கெட்டுப்போச்சு அக்கா. நீங்க லீவு போட்ட அன்னிக்குப் பார்த்தேன். என்னோடது மெதுவாத்தான் போகும், ஆனா படுக்காது.”

அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இத்தனை நாளும் படுத்தது அவன் மிஷின். செய்ததையே செய்து திட்டு வாங்கியது அவன். நாலு பேர் காதுபடப் பேசியது மட்டும் அவள்.

“அப்பவே ஏன் சொல்லல?”

“சொல்லியிருந்தா இந்தப் பை உங்க தோள்ல இருந்திருக்கும்.”

கண்ணாடி அறையிலிருந்து முதலாளி குரல் கொடுத்தார். “என்னம்மா, மிஷின் சரியாயிடுச்சா?”

“ஆயிடுச்சுன்னு சொல்லுங்க” என்றான் அவன் மெதுவாக, கெட்டுப்போன ரேமைத் தன் பையில் போட்டுக்கொண்டே.

அக்கா எழுந்து நின்றாள். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும்.

“கொஞ்சம் வெளிய வாங்க சார். போக வேண்டியது இவர் இல்ல, நான்.”