திவசத்துக் கோழி

எலுமிச்சை இலை பறிக்கக் கொல்லைக்கு வந்த லியென், தம்பி மனைவி கத்தி தீட்டுவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள்.

தியெம் பீங்கான் கிண்ணத்தைக் கவிழ்த்து, அதன் சொரசொரப்பான அடி விளிம்பில்தான் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் கத்தியைச் சாய்த்துப் பிடிக்கவில்லை. கத்தியின் வாயை நேராக விளிம்பில் அழுத்தித் தேய்த்தாள்.

அப்படித் தேய்த்தால் இருக்கிற கூரும் போய்விடும். இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.



இன்று அப்பாவின் திவசம். ஹுவே நகரத்திலிருந்து சொந்தமெல்லாம் வந்துவிடும். படையலுக்கு அவித்த கோழியை அம்மா துயெத்தே வெட்டுவாள். தோல் பிசிறாமல் துண்டு போட்டு, முழுக்கோழி போலவே தட்டில் அடுக்குவாள். அந்தக் குடும்பத்தில் அம்மாவுக்கு இருக்கும் பெயரே அதனால் வந்ததுதான்.

'எல்லார் முன்னாலும் அம்மாவைத் தலைகுனிய வைத்துவிட்டு, சமையல்கட்டைப் பிடிக்கப் பார்க்கிறாளா? சரியான ஊமைக் குசும்பி!'

அம்மாவிடம் சொல்ல ஓடினாள். அதற்குள் அம்மாவின் ஓரகத்தி, பெரியம்மா, கூட்டத்தோடு உள்ளே வந்துவிட்டாள். வாய்த்துடுக்குக்காரி.

அம்மா வெட்ட ஆரம்பித்தாள். தோல் கிழிந்தது. இரண்டாவது வெட்டும் அப்படியே.

"என்ன துயெத், கோழியை வெட்டுறியா, பிச்சுப் போடுறியா?" என்றாள் பெரியம்மா.

அம்மாவின் முகம் சுண்டிப் போனது.

"கத்தி தீட்டினது நான்தான் பெரியத்தை. சரியா தீட்டலை," என்று தியெம் முந்திக்கொண்டாள்.

பெரியம்மா கத்தியைத் தடவிப் பார்த்தாள். "இதுல வாழைத்தண்டைக்கூட வெட்ட முடியாது! ஒரு கத்தி தீட்டத் தெரியாதவளை எங்கேருந்து பிடிச்சே துயெத்?"

எல்லோரும் சிரித்தார்கள்.

தியெம் கத்தியை வாங்கிப்போய், இந்தத் தடவை சாய்த்துப் பிடித்துச் சரசரவென்று தீட்டிக்கொண்டு வந்தாள். அம்மாவிடம் திருப்பித் தரவில்லை. மிச்சக் கோழியைத் தானே வெட்டி அடுக்கினாள். ஒரு பிசிறு இல்லை.

"சுமார்தான்," என்றாள் பெரியம்மா. "நல்ல கத்தியைக் குடுத்திருந்தா துயெத்தோட வெட்டு இதைவிட அழகா இருந்திருக்கும்."

விருந்து முடியும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்த லியென், பாத்திரம் கழுவும் இடத்தில் தியெமைப் பிடித்துக்கொண்டாள்.

"காலையில பார்த்தேன்டி. வேணும்னே கத்தியை மழுக்கினே. எங்கம்மாவை அவமானப்படுத்திட்டு நீ பேர் வாங்கிக்கவா?"

தியெம் பதறிப்போய், அம்மா பக்கத்தில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்தாள்.

"மெதுவா பேசுங்க அக்கா. நேத்து அத்தை வாத்து வெட்டினாங்க. நான் நல்லா தீட்டிக் குடுத்த கத்திதான். அதுவும் இப்படித்தான் பிஞ்சுது. கையில பழைய பலம் இல்லை. கையையே பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தாங்க. 'நாளைக்கு நான் வெட்டறேன்'னு சொன்னா ஒத்துக்கலை."

லியென் அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"எப்படியும் இன்னிக்குக் கோழி பியத்தான் போகுது அக்கா. கத்தியைத் திட்டட்டும், என்னைத் திட்டட்டும். அத்தையோட கையை யாரும் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுன்னுதான்..."