ஏழு வயதுக்கான சட்டை

லண்டன் கிங்ஸ்பரியில் மழை விட்ட வெயில், சுசிலாவின் சமையலறை மேசையில் திறந்த பார்சல் பெட்டிக்குள் விரித்திருக்கும் வெள்ளை மல் துணிச் சட்டையின் மேல் விழுகிறது. பக்கத்து வீட்டுப் பார்சிப் பெண் பெர்வீஸ், தனக்குப் பிறக்காமலே போன பிள்ளையின் சமயச் சடங்குக்கென்று என்றோ தைத்து வைத்த சட்டை. பார்சிகள் குறைந்துகொண்டே போவதால் இந்திய அரசாங்கம் செலவை ஏற்ற கருத்தரிப்புச் சிகிச்சையில், மும்பையில் இருக்கும் அவள் தங்கைக்குப் பிறந்த மகளுக்கு இப்போது ஏழு வயது, அந்தச் சடங்குக்கான வயது. சட்டை அந்தச் சிறுமிக்குத் தபாலில் போகிறது. “அந்தத் திட்டம் வந்தபோது எனக்கு ஐம்பது. அரசாங்கம் என்னைவிடச் சோம்பேறி,” என்று பெர்வீஸ் ஆங்கிலத்தில் சொல்லிச் சிரிக்கிறாள். சட்டையின் கழுத்தருகே, போடுகிறவர் செய்யும் நல்லதையெல்லாம் சேர்த்து வைக்க என்று பார்சிகள் நம்பும் ஒரு குட்டிப் பை. “ஒட்டட்டோ அக்கா? போஸ்ட் ஒபிஸ் பூட்டப்போறாங்கள்,” என்று சுசிலா டேப்பும் கையுமாக மூன்றாம் முறை கேட்கிறாள். “ஓம், ஒட்டு,” என்கிறாள் பெர்வீஸ், சுசிலாவிடம் பழகிய தமிழில். அவள் விரல் இன்னும் அந்தப் பைக்குள்ளேயே இருக்கிறது.