புது பிரேக்கின் முதல் காலை

சக்கரத்தைக் கண்டுபிடித்தது பெரிய விஷயமே இல்லை. ஓடும் இரும்பை நிறுத்தக் கற்றதுதான் நாகரிகம். இதை உலகுக்கு அறிவிப்பவர் தொழிற்சாலை மெக்கானிக். உலகத்தின் சார்பில் கேட்டுக்கொண்டிருப்பவள் இரும்புத் தகடுகளை அடித்து வடிவாக்கும் பிரஸ்ஸை ஓட்டும் அவருடைய தங்கை. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் காலை வெயில், இரண்டு ஆள் உயர பிரஸ்ஸில் அவர் நேற்றுப் பொருத்திய பிரேக்கின் மேல் விழுகிறது. பழைய பிரேக் சூடேறினால் வழுக்கும். நிறுத்திய பிறகும் மேல்தட்டு நாலு விரல் இறங்கும். போன மாதம் அவள் கையுறையின் நுனியைக் கவ்விவிட்டது. புதியதில் பிரேக் தகடுகள் எண்ணெயில் மூழ்கியே கிடக்கின்றன. சூட்டை எண்ணெய் அள்ளிக்கொண்டு போகிறது. சின்னக் கண்ணாடிக் குழாயில் அது தேன் நிறத்தில் நெளிகிறது. சும்மா இருநூறு அடி அடித்துப் பார்த்தும் சூடு காட்டும் முள் பச்சைக் கோட்டைத் தாண்டவில்லை. இனி நிஜ வேலை; தகட்டை வைத்து எடுக்கக் கையை உள்ளே விட வேண்டும். அவள் பிரஸ்ஸைத் தட்டிக்கொடுக்கிறாள்.

"நில்லும்மா, என் தங்கம்."

"இரும்புக்குக் காது எங்கே இருக்கு, காட்டு பாப்போம்! எல்லாத்தையும் எண்ணெய் பாத்துக்கும்."

"உன் வாய்க்கும் ஒரு பிரேக் மாட்டுண்ணே."

பொத்தானை அழுத்துகிறாள். மேல்தட்டு இறங்கி, அடித்து, ஏறி, கிறீச்சிடாமல் உச்சியில் நிற்கிறது. முதல் தகடு பளபளவென்று வெளியே வருகிறது. இரண்டாவதற்கு அவள் கை உள்ளே போகிறது. முள்ளைப் பார்க்க வேண்டிய அண்ணன், பிரஸ்ஸின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்து, யாருக்கும் கேட்காமல், "நில்லும்மா" என்கிறார்.