இடப்பக்க இண்டிகேட்டர்

யார்க்‌ஷயர் பழைய கார் சங்கத்தின் ஊர்வலத்தில் இந்த வருடம் முதல் காரை நோரீன் ஓட்டுவதாக முடிவாகியிருந்தது. புறப்படும் நேரத்தில் அவளுடைய காரின் இடப்பக்க இண்டிகேட்டர் தானாக மினுங்கத் தொடங்கியது. நோரீன் ஃபியூஸைப் பிடுங்கினாள். அப்படியும் நிற்காததால் ஒயரை வெட்டினாள். கடைசியில் பல்பையே கழற்றி கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். பல்பு இல்லாத இடத்தில் வெளிச்சம் மினுங்கியது.

“பேசாம நான் முன்னாடி போறேன் கண்ணு. நீ கடைசியில மெதுவா வா,” என்றார் சங்கத் தலைவர் டெரிக்.

“இத்தனை வருசமா உங்க புகையை நான் குடிச்சாச்சு. இன்னிக்கு என் புகையை நீங்க குடிங்க.”

“பின்னாடி வர்றவன் எதைப் பாத்துத் திரும்புவான்?”

“என் கையைப் பாத்து. கண்ணு தெரியும்ல?”

நோரீனே முதலில் கிளம்பினாள். ஊருக்கு வெளியே ஒரு மேட்டுக்கு அப்பால் பாதை வலப்பக்கம் திரும்புகிறது. இடப்பக்கம் வழி கிடையாது. நீளமான கல்சுவரும் அதற்குப் பின்னால் ஆடுகளும்தான். நோரீன் ஜன்னல் வழியே வலக்கையை முழுதாக நீட்டித் திரும்பினாள்.

கண்ணாடியில் பார்த்தாள். அடுத்து வந்த டெரிக்கின் கார் இடப்பக்கம் திரும்பியது. பின்னால் வந்தவர்களும், ஊர்வல வழக்கப்படி, முன்னால் போகிற காரைப் பார்த்து ஒவ்வொருவராக இடப்பக்கம் திரும்பினார்கள். மோதிய சத்தம் கேட்கவில்லை. ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன.

நோரீன் வேகத்தைக் குறைக்கவில்லை. நீட்டிய கையை உள்ளே இழுக்கவும் இல்லை.